கடனும் மானமும்: மணமேல்குடிக் கரையிலிருந்து ஒரு பார்வை

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்களுக்கு, மணமேல்குடிக்குத் தெற்கே கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும். மீன்பிடித் தடைக்காலம். பலகை மாற்றுவது, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது, கிழிந்த வலையைச் சரிபார்ப்பது என்று வரவில்லாமல் செலவு மட்டும் நடக்கும் மாதங்கள் அவை. கடலுக்குத் தடைக்காலம் உண்டு. தவணைக்குக் கிடையாது. குழுக்கடனுக்கான வாரக் கூட்டம் வழக்கமான நாளில், வழக்கமான வீட்டு வாசலில் கூடும். நகைக்கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கரையில் பல குடும்பங்களுக்குப் பொருந்தக்கூடிய ஒரு வீட்டுக் கணக்கை எண்ணிப் பார்ப்போம். கணவனுக்கு மீன் வியாபாரி கொடுத்த முன்பணம். மனைவி பெயரில் இரண்டு குழுக்கடன். கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று பவுன் நகை. கடைத்தெரு அடகுக் கடையில் ஒரு சோடித் தோடு. மகன் வெளிநாடு போவதற்காக வீட்டுப் பத்திரத்தின் மேல் வாங்கிய பணம். அந்த வீட்டுக்கு இது ஒரே கடன், ஒரே கவலை. சட்டத்துக்கோ இது ஐந்து வகைக் கடன். ஐந்துக்கும் வெவ்வேறு விதி, வெவ்வேறு மேலதிகாரி, முறையிட வெவ்வேறு கதவு. கடனாளிக்கு உரிமையே இல்லை என்று சொல்வது தவறு. உரிமைகள் நிறையவே இருக்கின்றன. அவை கடன் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்துத் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. கடன் வாங்கியவரோ எல்லாத் துண்டுகளையும் ஒரே தலையில் சுமக்கிறார்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊர்களில் சிறுகடன் வசூலாவது பெரும்பாலும் சட்டத்தின் பலத்தால் அல்ல, தெருவின் கண்ணால். வாசலில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அக்கம்பக்கம் பார்க்கும். அந்தப் பார்வைக்கு அஞ்சித்தான் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கப்படுகிறது. எனவே உரிமைகளைப் பற்றிய எந்த ஆய்வும் முதலில் அச்சத்தை அளந்து பார்க்க வேண்டும். எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சத் தேவையில்லை?

“பணம் கட்டலேன்னா போலீஸ் வரும், ஜெயிலுக்குப் போகணும்” என்பது குழுக்கடன் வாங்கிய பெண்கள் அடிக்கடி கேட்கும் மிரட்டல். வாங்கிய கடனைத் திருப்ப முடியாமல் போவது குற்றம் அல்ல, உரிமையியல் விவகாரம். பணம் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்கலாம், தீர்ப்பை நிறைவேற்றக் கோரலாம். அந்தக் கட்டத்திலும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிவில் சிறையில் வைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடக் கூடாது. 1908-ஆம் ஆண்டுச் சட்டம் இது. நூறாண்டுக்கு மேலாகப் புத்தகத்தில் இருக்கும் இந்த ஒரு வரி, வாரா வாரம் கூட்டத்தில் உட்காரும் பெண்களுக்கு எட்டவே இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று சொல்கிறது. உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத அணிகலன். கடைசியில் உள்ளதை நம் ஊர் மொழியில் சொன்னால் தாலி. நீதிமன்றமே தொட முடியாததைத்தான் வசூலுக்கு வருபவர்கள் “அதை வெச்சாவது கட்டு” என்று கேட்கிறார்கள். ஆண்களுக்கும் ஒரு காப்பு உண்டு. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்பில், கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத் தவிர, இல்லாமையால் கட்ட முடியாதவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்று சொன்னது.

அஞ்ச வேண்டிய ஒன்று உண்டு. அது காசோலை. கடன் வாங்கும்போது நிரப்பாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலை வங்கியில் பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி அது குற்ற வழக்காகிறது. அங்கே பெண் என்ற விலக்கு இல்லை. நிரப்பாத காசோலை என்று சொல்லித் தப்பவும் முடியாது. தொகையையும் தேதியையும் வேறொருவர் எழுதியிருந்தாலும், கையெழுத்து உங்களுடையது என்றால் கடன் இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் கொள்ளும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டினால் வழக்கு எழாது. கட்ட முடியாவிட்டாலும் பதில் அனுப்பியாக வேண்டும். பதில் அனுப்பாமல் ஒதுங்குவதே பலருடைய வழக்கம். அதனால் இழந்தவர்கள் அதிகம்.

புரோநோட்டுக்கு மூன்றாண்டுதான் உயிர். பின்புறத்தில் ஒரு தொகையை வரவு வைத்துக் கையெழுத்திட்டால் அந்தத் தேதியிலிருந்து மீண்டும் மூன்றாண்டு. “சும்மா ஒரு நூறு ரூபா வரவு வெச்சுக் கையெழுத்துப் போடுங்க” என்று கேட்பவரின் கணக்கு இதுதான்.

அப்பா வாங்கிய கடன் மகன் தலையில் விழுமா? பித்ரு கடன் என்று வழங்கிய பழைய சமயக் கடப்பாட்டை 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் நீக்கிவிட்டது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து வாரிசுக்கு வந்திருந்தால், அந்தச் சொத்தின் மதிப்பு வரைதான் அவர் பொறுப்பு. ஜாமீன் கையெழுத்து வேறு கதை. ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். முதலில் அவரைக் கேள், பிறகு என்னைக் கேள் என்று சொல்ல இடமில்லை.

குழுக்கடனுக்கு வருவோம். மணமேல்குடி போன்ற ஊர்களின் இன்றைய கடன் வாழ்வின் நடுக்கட்டை அதுதான். 2010-இல் ஆந்திரத்தில் சிறுகடன் நிறுவனங்களின் வசூல் முறைகளும் தற்கொலைகளும் பெரிய கொந்தளிப்பாக வெடித்தன. அந்த அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ரிசர்வ் வங்கி மாலேகம் குழுவை அமைத்தது. அதிலிருந்து தொடங்கிய விதிகள் பலமுறை மாறி, 2022 ஏப்ரல் 1 முதல் புதிய வடிவில் நடைமுறையில் இருக்கின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் கடன் எல்லாம், வங்கி கொடுத்தாலும் நிதி நிறுவனம் கொடுத்தாலும், சிறுகடன் என்றே கணக்காகும். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் கொடுக்கக் கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. தவணை தவறினால், தவறிய தொகைக்கு மட்டுமே அபராதம் போடலாம், முழுக் கடனுக்கும் போடக் கூடாது. கடன் அட்டை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதில் வட்டியும் கட்டணங்களும் புகார் சொல்ல வேண்டிய எண்ணும் இருக்க வேண்டும். காப்பீடு போன்றவற்றை முழுச் சம்மதம் இல்லாமல் தலையில் கட்டக் கூடாது.

வசூலுக்கான விதிகளை ஒவ்வொரு கூட்டம் நடக்கும் வீட்டிலும் சுவரில் எழுதி வைக்கலாம். பணம் கட்டும் இடம் இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடமாக இருக்க வேண்டும். கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறை அங்கு வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. ஓயாமல் போன் அடிக்கக் கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. உறவினரை, நண்பரை, உடன் வேலை செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. கடன் கட்டாதவர் பெயரை வெளியிடக் கூடாது. கடனின் அளவைப் பற்றியோ கட்டாததன் விளைவைப் பற்றியோ பொய் சொல்லக் கூடாது. கடைசி விதியின்படி, “ஜெயிலுக்குப் போகணும்” என்ற மிரட்டலே விதிமீறல்.

ஆனால் குழுக்கடனின் அமைப்பே இந்த விதிகளுக்கு எதிராக நிற்கிறது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. சென்டர் என்று சொல்லும் வாரக் கூட்டம் முடியும்வரை உட்கார வேண்டும். நிறுவன ஊழியர் வாய் திறக்கவே வேண்டாம். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்த பத்துப் பெண்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரவேண்டிய பெண்கள், அவர்களே அவளைத் திட்டுவார்கள். உறவையும் அண்டை வீட்டையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று விதி சொல்கிறது. இங்கே உறவும் அண்டை வீடுமே வசூல் கருவி. என் கருத்தில் விதிகளின் பெரிய ஓட்டை இதுதான். அடுத்தவர் தவணையைக் காரணம் காட்டி ஒரு பெண்ணையும் கூட்டத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று ஒரே ஒரு வரி சேர்த்தால், மேலே சொன்ன மற்ற விதிகள் தாமாக உயிர்பெறும்.

இன்னொரு ஓட்டை வட்டி. 2022 விதிகள் சிறுகடனுக்கு உச்ச வட்டி வைக்கவில்லை. கொள்ளை வட்டியாக இருக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்லி, விகிதத்தை வெளிப்படையாக அறிவிக்கச் சொல்கின்றன. அறிவிக்கும் விகிதம் புரிகிறதா என்பதே கேள்வி. நம் மக்கள் வட்டியை நூற்றுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். மூணு வட்டி என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. “வருஷத்துக்குப் பன்னண்டுதான், ஒரு வட்டிதான்” என்று சொல்லி ரூ.50,000 தருகிறார்கள் என்று வைப்போம். இரண்டாண்டுக்கு வட்டி ரூ.12,000. மொத்தம் ரூ.62,000. மாதத் தவணை ரூ.2,583. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு ஐம்பதாயிரத்துக்கும் கட்டப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறத்தாழ 21.6 விழுக்காடு. பரிசீலனைக் கட்டணம், காப்பீடு என்று கொடுக்கும்போதே ரூ.1,500 பிடித்திருந்தால் அது 25-ஐத் தொடும். இந்த உண்மை விகிதத்தைப் பிடித்தம் எல்லாம் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும் என்பதே ரிசர்வ் வங்கி 2024-இல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் கட்டாயமாக்கிய முக்கிய விவர அறிக்கையின் சாரம். அறிக்கையைக் கையில் வாங்கி, தேவையானால் மூன்று வேலை நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட உரிமை உண்டு. அந்த அறிக்கையில் இல்லாத கட்டணத்தைக் கடன் காலத்தில் சம்மதமின்றி வசூலிக்கவும் முடியாது.

தண்டல்காரரிடம் இந்த அறிக்கை கேட்க முடியாது. ரூ.10,000 என்று பேசி ரூ.8,500 கையில் கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வாங்கினால், ஆண்டு வட்டி 120 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் போகிறது. இதற்குத்தான் 2003-இல் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல் என்று தெருவில் வழங்கும் சொற்களையே சட்டச் சொற்களாக எடுத்துக்கொண்ட சட்டம் அது. மூன்றாண்டு வரை சிறை, முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவர் அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரலாம். மிரட்டல் தாங்காமல் உயிரை விட்டால் தற்கொலைக்குத் தூண்டியதாகவே கருத இடம் தருகிறது. இத்தனை பல் இருந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீக்குளித்தது. கந்துவட்டிக் கொடுமை என்று அந்தக் குடும்பம் அதற்கு முன் மனு மேல் மனு கொடுத்திருந்தது. சட்டம் இல்லாத குறையால் அந்தக் குழந்தைகள் சாகவில்லை. 2022-இல் காவல்துறை ‘ஆபரேஷன் கந்துவட்டி’ என்று ஒரு நடவடிக்கையைத் தொடங்கியது. 2025-இல் வலுக்கட்டாய வசூலைக் குற்றமாக்கும் தனிச் சட்டமும் தமிழ்நாட்டில் வந்தது. பின்தொடர்வது, வீட்டு வாசலில் வந்து நிற்பது, குடும்பத்தை இழிவுபடுத்துவது, அரசு நலத்திட்ட அட்டைகளைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் அதில் அடங்கும். ரேஷன் அட்டையையும் ஏடிஎம் அட்டையையும் அடகாக வாங்கும் வழக்கம் உள்ள ஊர்களில் இந்தக் கடைசி விதியின் பயன் பெரிது.

மீன் வியாபாரி தரும் முன்பணம் எந்தச் சட்டத்திலும் சரியாக உட்காராது. அதற்கு வட்டி என்று பெயரில்லை. பிடித்து வரும் மீனை அவரிடமே போட வேண்டும், அவர் வைத்ததே விலை, அதில் கமிஷன் கழியும். முன்பணம் அடையும்வரை வேறு வியாபாரியிடம் போக முடியாது. பலருக்கு அது அடைவதே இல்லை. அவசரத்துக்கு, இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரி செலவுக்கு, கையெழுத்தில்லாமல் பணம் தருவதும் அதே வியாபாரிதான் என்பதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. இந்தக் கட்டை அவிழ்த்தது வழக்கு அல்ல, அமைப்பு. கேரளத்துக் கடற்கரையில் மரியநாடு என்ற ஊரில் தொடங்கி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாகக் கன்னியாகுமரி வரை விரிந்த முயற்சி, மீன் விற்பனையையும் சேமிப்பையும் கடனையும் மீனவர் சங்கத்தின் கைக்கே கொண்டுவந்தது. மீனவருக்கும் உழவர் கடன் அட்டை உண்டு என்று ஒன்றிய அரசு 2018-19-இல் அறிவித்ததும் இதற்கான ஒரு மாற்றே. வேளாண்மைக்கும் அதைச் சார்ந்த தொழிலுக்கும் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது 2025 ஜனவரி முதல் உள்ள விதி. வங்கிக் கிளையில் “பட்டா கொண்டு வா” என்று திருப்பி அனுப்பப்படுபவர் இந்த விதியைச் சொல்லிக் கேட்கலாம்.

நகைக்கடனில் தமிழ்நாடு சமீபத்தில் ஒரு சண்டையைப் போட்டு ஓரளவு வென்றது. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவு விதிகள் சிறு நகைக்கடனையே நெருக்கிவிடும் என்று உழவர் சங்கங்களும் மாநில அரசும் எதிர்த்தன. முதலமைச்சர் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 6 அன்று வந்த இறுதி விதிகளில் தளர்வு இருந்தது. 2.5 லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை தரலாம். 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. நடைமுறைக்கு 2026 ஏப்ரல் 1 கெடு. எனக்கு முக்கியமாகப் படுவது திருப்பும்போதுள்ள உரிமை. முழுக்கடனும் அடைந்த 7 வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். தாமதம் அவர்கள் தவறானால் நாளொன்றுக்கு ரூ.5,000 தர வேண்டும். ஏலம் போடுமுன் முறையான அறிவிப்பு வேண்டும். கடன் போக மிஞ்சிய பணம் நகைக்காரருக்கே உரியது. “நகை மூழ்கிடுச்சு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம், மிச்சம் எவ்வளவு என்று கேட்பதில்லை. பவுன் விலை ஏறிய இந்த ஆண்டுகளில் அந்த மிச்சம் சிறு தொகையாக இருக்காது. கடைத்தெரு அடகுக் கடைக்கு இந்த விதிகள் பொருந்தா. அது 1943-ஆம் ஆண்டு அடகுக் கடைக்காரர் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடக்க வேண்டியது. அங்கே சீட்டு ஒன்றே சாட்சி. எடையும் தேதியும் தொகையும் எழுதாத சீட்டை வாங்கவே கூடாது.

வீட்டுப் பத்திரத்தின் மேல் வாங்கும் கடனில்தான் தவறினால் மீள்வது கடினம். கடலோரக் குடியிருப்புகளில் பட்டா இல்லாத வீடுகள் உண்டு. பட்டா இருந்தாலும் மூலப்பத்திரம் காணாமல் போயிருக்கும். வங்கி கைவிரித்தால் தனியார்தான் வழி. தனியார் கேட்பது பெரும்பாலும் ‘நம்பிக்கைக் கிரயம்’. கடனுக்கு ஈடாக வீட்டையே விற்றது போலக் கிரயப் பத்திரம் பதிவு செய்து கொடுக்க வேண்டும், பணம் கட்டியதும் திருப்பி எழுதித் தருவேன் என்பது வாய்ச்சொல். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 1929-இல் சேர்த்த ஒரு விதி இங்கே ஆளை விழுங்குகிறது. திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்துக்குள் எழுதப்பட்டிருந்தால்தான் சட்டம் அதை நிபந்தனைக் கிரய அடமானமாக ஏற்கும். தனித்தாளில் எழுதிய ஒப்பந்தம் அதற்குப் போதாது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்திடும் முன் தலைப்பைப் படியுங்கள். அடமானம் என்று இருக்க வேண்டிய இடத்தில் கிரயம் என்றோ பொது அதிகாரம் என்றோ இருந்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்துவிடுங்கள். எவ்வளவு அவசரமானாலும்.

அடமானமாகவே எழுதப்பட்டிருந்தால் அதைவிட வலுவான உரிமை வேறில்லை. பணத்தைக் கட்டி மீட்கும் உரிமையை எந்த நிபந்தனையாலும் பறிக்க முடியாது. ஒத்திக்கு விட்ட நிலமோ வீடோ என்றால், எத்தனை ஆண்டு கழிந்தது என்பதை மட்டும் காட்டி அனுபவிப்பவர் உரிமையாளராகிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சிங் ராம் வழக்கில் சொல்லியிருக்கிறது. தாத்தா ஒத்திக்கு விட்டதைப் பேரன் மீட்கலாம்.

வங்கியோ வீட்டுக்கடன் நிறுவனமோ என்றால் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் வரும். தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன். அதன்பின் 60 நாள் கெடுவுடன் முதல் நோட்டீஸ். இதற்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால் 15 நாளுக்குள் அவர்கள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். பிறகு வீட்டைக் கையகப்படுத்தும் அறிவிப்பு. அன்றிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நுகர்வோர் ஆணையத்தை நம்பி இந்த 45 நாளை விட்டுவிடக் கூடாது, ஜப்தியைத் தடுக்கும் இடம் தீர்ப்பாயம்தான். ஏல அறிவிப்பு பத்திரிகையில் வெளியாகும்வரை முழுப் பாக்கியையும் கட்டி மீட்கலாம். அதன்பின் அந்த உரிமை மங்கிவிடும். விவசாய நிலத்தை இந்தச் சட்டம் தொடாது. ஆனால் பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் பயிர் இருக்க வேண்டும். பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிட்டாலும் இந்தச் சட்டம் செல்லாது. நிதி நிறுவனங்களில் வீட்டுக்கடன் நிறுவனம் அல்லாதவை 20 லட்சத்துக்குக் குறைவான கடனுக்கு இதைப் பயன்படுத்தவே முடியாது. மணமேல்குடியில் ஒரு சாதாரண வீட்டின் மேல் வாங்கும் கடன் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். எனவே நோட்டீஸ் வந்ததும் பார்க்க வேண்டிய முதல் விவரம், அனுப்பியது எந்த வகை நிறுவனம் என்பது.

அடைத்து முடித்தவருக்கும் உரிமை உண்டு. 2023 டிசம்பர் முதல், கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரம் திரும்ப வர வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு ரூ.5,000. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை. கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறலாம். அடைத்த கடன் அடையாததாகக் காட்டினால் புகார் கொடுத்த 30 நாளுக்குள் திருத்த வேண்டும், தவறினால் நாளுக்கு ரூ.100.

புகாருக்கான கதவுகளைச் சொல்ல வேண்டும். வங்கி, நிதி நிறுவனம் என்றால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார். 30 நாள் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். செலவில்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அவர் எல்லைக்குள் வராது, அதற்குக் கூட்டுறவுத் துறைப் பதிவாளர் வழி. சேவைக் குறைபாட்டுக்குப் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் சென்னையில் இருக்கிறது என்று அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. படகுக்கும் வலைக்கும் வாங்கிய கடன் வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவரும் நுகர்வோரே என்று அதே சட்டம் சொல்கிறது. பெண்களுக்கும், பட்டியலினத்தாருக்கும், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

இந்த வழிகளுக்கெல்லாம் கையில் காகிதம் வேண்டும். கடன் அட்டை, ரசீது, அடகுச் சீட்டு, கணக்கு அறிக்கை. பலருடைய கடன் அட்டை சென்டர் லீடர் வீட்டில் மொத்தமாகக் கிடக்கும். அதை வாங்கி வீட்டில் வைப்பது பெரிய போராட்டம் எதுவுமின்றி நாளைக்கே செய்யக்கூடியது.

கேட்டால்தான் கிடைக்கும் உரிமையும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் படகுகள் உடைந்தன, உள்ளே தென்னை சாய்ந்தது. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் குழுக்கடன் வசூலை நிறுத்தக் கேட்டு மனு கொடுத்தார்கள். பேரிடர் காலத்தில் கடனைச் சீரமைத்துத் தர ரிசர்வ் வங்கியின் வழிகாட்டல் இருந்தும், அது கேட்காமல் கிடைப்பதில்லை. கொரோனாவின் ஆறு மாதத் தவணை ஒத்திவைப்புக்கு வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்பதைக்கூட 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

தள்ளுபடி இன்னொரு வழி. 2021-இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன், ஐந்து பவுன் வரை கூட்டுறவு நகைக்கடன், கூட்டுறவில் வாங்கிய மகளிர் குழுக்கடன் தள்ளுபடி ஆயின. கூட்டுறவில் வாங்கியவருக்கு விடிந்தது, அதே தெருவில் தனியாரிடம் வாங்கியவருக்கு இல்லை. பாக் நீரிணைக்கு அக்கரையிலும் இதே கதைதான். போருக்குப் பின் இலங்கையின் வடக்கு, கிழக்கில் சிறுகடன் நிறுவனங்கள் பெருகின. தவணைக்காரர் வரும் நாளில் பெண்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளிந்தார்கள். 2018-இல் அந்த அரசு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கித் திருப்ப முடியாமல் போன, ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறுகடன்களைத் தீர்க்கத் திட்டம் கொண்டுவந்தது. கடன் பெருக்கம் அதோடு நிற்கவில்லை. 2021-இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

ஒரு காலத்தில் இந்த மண்ணில் இதைவிடத் துணிவான சட்டம் இருந்தது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தாலும், மணமேல்குடி பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதியைச் சேர்ந்தது, புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு வெளியே. அதனால் ராஜாஜியின் அமைச்சரவை கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டுச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இங்கே செல்லுபடியானது. 1932 அக்டோபருக்கு முன் விவசாயி வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் முதல் நாள் வரை நின்ற வட்டிப் பாக்கியை அது துடைத்தது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகச் சொன்னது. அசலின் இரு மடங்குக்கு மேல் விவசாயியிடம் வாங்கக் கூடாது என்ற அந்தக் கணக்கை, இன்றைய குழுக்கடன் புதுப்பித்தல்களின் மேல் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும்.

கடன் மீளவே முடியாத நிலைக்குப் போனவருக்கு நம்மிடம் இருப்பது மஞ்சள் கடுதாசி. 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் மனுக் கொடுப்பது. சொல்லே வசவாகிவிட்டதால் மானமுள்ள யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. 2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திவால் சட்டத்தில் ‘புதிய தொடக்கம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆண்டு வருமானம் ரூ.60,000-க்குள், சொத்து ரூ.20,000-க்குள், தகுதியுள்ள கடன் ரூ.35,000-க்குள் இருக்கும் ஏழை, சொந்த வீடில்லாதவராக இருந்தால், மனுக் கொடுத்துக் கடனிலிருந்து விடுபடலாம். நிறுவனங்களுக்கான பகுதி உடனே நடைமுறைக்கு வந்து ஆயிரக்கணக்கான கோடிகள் பேசித் தள்ளப்பட்டன. தனிநபருக்கான பகுதியில், நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019-இல் கதவு திறந்தது. ஏழைக் கடனாளிக்கான பகுதி இன்னும் அமலுக்கு வரவில்லை. இனி அதை அமல்படுத்தினாலும், 2016-இல் எழுதிய எண்களோடு அது பயன்படாது. இரண்டு குழுக்கடன் வாங்கிய எந்தப் பெண்ணுக்கும் பாக்கி ரூ.35,000-ஐ எப்போதோ தாண்டிவிட்டது. எண்களை இன்றைய விலைவாசிக்கு உயர்த்த வேண்டும். ஓலையும் தகரமும் வேய்ந்த ஒரு சிறு வீடு சொந்தமாக இருந்தாலே தகுதி இல்லை என்ற விதியை நீக்க வேண்டும். மனுவை அறந்தாங்கி நீதிமன்றத்தில் கொடுக்க வழி செய்ய வேண்டும்.